ட்ரம் சாம்பிளைச் சுத்தம் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ரெக்கார்டிலிருந்தோ, ஒத்திகையில் போனை வைத்துப் பதிந்ததிலிருந்தோ ஒரு கிக்கையோ (காலால் மிதித்து அடிக்கும் பெரிய ட்ரம்) ஸ்நேரையோ (அடியில் கம்பிச் சரம் கட்டிய ட்ரம்) வெட்டி எடுத்திருப்பீர்கள். அப்படி வெட்டிய ஒலித்துண்டுதான் சாம்பிள். தனியாகக் கேட்டால் அருமையாக இருக்கும். பாட்டுக்குள் வைத்ததும் ஒவ்வொரு அடிக்குப் பின்னாலும் ஒரு 'ஸ்ஸ்' ஒட்டிக்கொண்டு வரும், அல்லது தாளம் ஏனோ இழுக்கும். அப்போது எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. எந்த மென்பொருளில் வேலை செய்தாலும் பொருந்தும்.

வெட்டுவதற்கு முன்னால் ஏதாவது செய்ய வேண்டுமா?

இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, மூலத்தைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து வைப்பது. இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: அதே பதிவில் யாரும் எதுவும் வாசிக்காத இடம் ஒன்றைத் தேடி, வெறும் இரைச்சல் மட்டும் உள்ள அரை நொடியைத் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பாட்டு தொடங்குவதற்கு முன்னாலோ முடிந்த பின்னாலோ அது பெரும்பாலும் கிடைக்கும். இரைச்சல் நீக்கும் கருவிக்கு 'இதுதான் இரைச்சல்' என்று காட்ட அந்தத் துண்டு வேண்டும். அடியை மட்டும் வெட்டிக்கொண்டு மூலத்தைத் தொலைத்துவிட்டால் பிறகு அது கிடைக்காது.

எந்த வரிசையில் சுத்தம் செய்வது?

முன்பக்கம் வெட்டுவது, அடியாழ உறுமலும் ஹம்மும் (மின்சாரத்தால் வரும் 'ம்ம்' ஒலி), டிக் சத்தங்கள், இரைச்சல், வால் (அடிக்குப் பின் மெலிந்து அடங்கும் பகுதி), ஈக்யூ (வேண்டிய அலைவரிசைகளை மட்டும் ஏற்றி இறக்குவது), கடைசியில் லெவல் (ஒலி அளவு). கம்ப்ரஸரை இதற்கெல்லாம் பின்னால் வையுங்கள். அது உரத்த அடியை அமுக்கி மெல்லிய வாலை மேலே தூக்குவது. இரைச்சல் குடியிருப்பதும் அந்த வாலில்தான்.

மென்பொருளின் தாளக் கட்டத்தில் சரியாக வைத்தும் அடி பின்தங்கிக் கேட்கிறதே?

சாம்பிளின் தொடக்கத்தில் வெற்றிடம் இருக்கிறது. 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 தாள அடி) வேகத்தில் ஒரு பதினாறாம் நோட்டின் (தாள அடியில் கால் பங்கு) நீளம் 125 மில்லிசெகண்ட். முன்னால் 12 மில்லிசெகண்ட் காலியாக இருந்தால் கிட்டத்தட்ட அதில் பத்தில் ஒரு பங்கு. கிக்கில் மட்டும் அந்த இடைவெளி இருந்து ஹை-ஹேட்டில் (மிதியால் மூடித் திறக்கும் ஜோடிச் சிம்பல்) இல்லாவிட்டால் தாளமே தடுமாறும். அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்கி, அடி எங்கே கிளம்புகிறது என்று பார்த்து அதற்குச் சற்று முன்னால் வெட்டுங்கள்.

ஆனால் அடிக்குள்ளேயே வெட்டிவிடக் கூடாது. கிக்கில் பீட்டர் (மிதியோடு இணைந்த அடிகட்டை) தோலைத் தொடும் அந்தச் சின்ன 'டக்' முதல் சில மில்லிசெகண்டுகளிலேயே முடிந்துவிடுகிறது. அதில் பாதியை இழந்தால் எந்த ஈக்யூவாலும் திருப்பித் தர முடியாது. ஷேக்கர், பிரஷ் போன்றவை இயல்பாகவே மெதுவாக எழும். அவற்றை முன்னால் வெட்டாமல், டிராக்கில் கொஞ்சம் முன்கூட்டி நகர்த்தி வைப்பதுதான் சரி.

வெட்டிய இடத்தில் 'டிக்' என்று கேட்கிறது.

அலை பூஜ்ஜியக் கோட்டைத் தொடாத இடத்தில் வெட்டியிருக்கிறீர்கள். பூஜ்ஜியத்தைத் தேடி வெட்டுவது ஒரு வழி. ஆனால் ஸ்டீரியோ சாம்பிளில் இடது பக்கம் பூஜ்ஜியமாக இருக்கும் நொடியில் வலது பக்கம் அப்படி இருக்காது. அதனால் நான் ஃபேடைத்தான் (ஒலியைப் படிப்படியாக ஏற்றுவது அல்லது இறக்குவது) நம்புகிறேன். முன்பக்கம் அரை மில்லிசெகண்ட் போதும், 44.1 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 44,100 சாம்பிள் புள்ளிகளாக ஒலியைப் பதியும் வேகம்) அது 22 சாம்பிள் புள்ளிகள்தான், அடியின் கூர்மை போகாது.

பின்பக்கம் தாராளமாகக் கொடுங்கள். 60 ஹெர்ட்ஸ் கிக்கின் ஒரு சுற்றுக்கே 16.7 மில்லிசெகண்ட் ஆகிறது. 5 மில்லிசெகண்டில் ஃபேட் செய்தால் ஒரு சுற்று முடிவதற்குள் கதவைச் சாத்தியது போலிருக்கும், அதுவே ஒரு தட்டலாகக் கேட்கும். கிக்குக்கும் டாம் ட்ரம்முக்கும் 40, 50 மில்லிசெகண்ட் என்று ஆரம்பித்துக் காதால் முடிவு செய்யுங்கள்.

அலைவடிவம் முழுவதும் நடுக்கோட்டுக்கு மேலே ஏறி நிற்கிறது. பிரச்சினையா?

ஆமாம், அது டிசி ஆஃப்செட். காதுக்குத் தெரியாது, ஆனால் வெட்டும் இடங்களில் டிக் தரும், லெவலில் இடத்தைத் தின்னும். பெரும்பாலான எடிட்டர்களில் இதற்கென ஒரு கட்டளை இருக்கிறது. இல்லையென்றால் 20 ஹெர்ட்ஸில் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழுள்ளதை வெட்டுவது) போதும்.

மின்சார ஹம்மை எப்படி எடுப்பது?

மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வரும் நாட்டில் பதிந்ததென்றால் ஹம் 50, 100, 150 என்று அடுக்காக நிற்கும். 60 ஹெர்ட்ஸ் நாட்டுப் பதிவில் 60, 120, 180. ஸ்நேருக்கும் ஹை-ஹேட்டுக்கும் இது பெரிய விஷயமே இல்லை. ஹை-பாஸ் வைத்தால் பெரும்பகுதி போய்விடும். ஹை-ஹேட்டில் 300 ஹெர்ட்ஸ் வரை வெட்டினாலும் பொதுவாக இழப்பு தெரியாது.

கிக்கில்தான் சங்கடம். அதன் உடம்பே 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். அங்கே குறுகலான நாட்ச் ஃபில்டர் (ஒரே அலைவரிசையை மட்டும் வெட்டுவது) வைத்தால் ஹம்மோடு கிக்கும் போகும். போதாததற்கு, மிகக் குறுகிய ஃபில்டர் அடி விழுந்ததும் தானே கொஞ்ச நேரம் ரீங்கரிக்கும். அடி ஒலிக்கும்போது ஹம் அதற்கடியில் மறைந்துவிடுகிறது, யாருக்கும் கேட்பதில்லை. வால் மெலியும் இடத்தில்தான் அது தலைகாட்டும். அதனால் கிக்கில் ஹம்மை விட்டுவிட்டு வாலை மட்டும் ஒழுங்காக ஃபேட் செய்யுங்கள்.

இன்னொன்று, ஹம் எடுக்கும் வேலையைப் பிட்ச் மாற்றுவதற்கு முன்னால் முடியுங்கள். வேகம் மாற்றிய சாம்பிளில் ஹம்மும் கூடவே நகர்ந்திருக்கும். 33⅓ சுழற்சி ரெக்கார்டை 45-இல் ஓட்டிப் பதிந்தால், ரெக்கார்டுக்குள்ளேயே இருக்கும் 50 ஹெர்ட்ஸ் ஹம் 67.5-இல் போய் உட்காரும். 50-இல் தேடிக்கொண்டிருந்தால் அகப்படாது.

'ஸ்ஸ்' இரைச்சலை எடுத்தால் அடியும் மழுங்குகிறது. ஏன்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. நானும் பல மாதம் இதில் தவித்திருக்கிறேன். ஒருமுறை ஒரு முழு ஸ்நேர்த் தொகுப்பை இரைச்சலே இல்லாமல் துடைத்து வைத்தேன். தனியாகக் கேட்க அவ்வளவு அமைதி. பாட்டில் வைத்தபோது ஒன்றுகூட அடிக்கவில்லை, எல்லாம் ஈரத் துணியில் தட்டியது போலிருந்தது. நகல் இருந்ததால் மூலத்திலிருந்து மறுபடி தொடங்கினேன்.

காரணம் இந்தக் கருவிகள் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. இரைச்சல் நீக்கி ஒலியைச் சின்னச் சின்ன ஜன்னல்களாகப் பிரித்து, ஒவ்வொரு ஜன்னலுக்குள்ளும் எந்த அலைவரிசையில் எவ்வளவு பலம் என்று அளந்து, இரைச்சல் அளவுக்குக் கீழே இருப்பதைக் குறைக்கிறது. ஜன்னல் 2048 சாம்பிள் புள்ளி நீளம் என்றால், 44.1 கிலோஹெர்ட்ஸில் அது 46 மில்லிசெகண்ட். கிக்கின் 'டக்'கோ சில மில்லிசெகண்ட்தான். அது அந்த நீள ஜன்னல் முழுவதும் பரவிவிடுகிறது: கொஞ்சம் அடிக்கு முன்னால் கசிகிறது, கொஞ்சம் பின்னால் மழுங்குகிறது. நீளமான, நிலையான ஒலிகளுக்குப் பெரிய ஜன்னல் நல்லது. ட்ரம்முக்கு 256 அல்லது 512 என்று வையுங்கள், அமைப்பு அனுமதித்தால்.

குறைக்கும் அளவும் முக்கியம். 30 டெசிபெல் என்று இழுத்துவிட்டால் வாலில் தண்ணீருக்குள் மணி அடிப்பது போன்ற சின்னச் சின்னச் சிணுங்கல்கள் கிளம்பும். 6 முதல் 10 டெசிபெல் போதும். மீதியைப் பாட்டின் மற்ற வாத்தியங்கள் மூடிக்கொள்ளும்.

நான் இப்போது செய்வது இதுதான். சாம்பிளை இரண்டாகப் பிரிக்கிறேன். முதல் 30 மில்லிசெகண்ட் சுமாருக்குத் தொடாத மூலம், அதற்குப் பிறகு இரைச்சல் நீக்கிய வால். இரண்டையும் 5 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேடில் (ஒன்று இறங்க மற்றது ஏறும்படி கலப்பது) இணைக்கிறேன். அடி விழும் நொடியில் ஒலி அவ்வளவு உரக்க இருப்பதால் அங்கே இரைச்சல் காதுக்கு எட்டுவதே இல்லை. எட்டாத ஒன்றை எடுக்கப் போய் அடியைக் கெடுப்பானேன்? இணைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சில கருவிகள் ஒலியைச் சில சாம்பிள் புள்ளிகள் தள்ளிப் போடும். இரண்டு அலைகளையும் பெரிதாக்கி ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு எடுத்தால் அதிகம் என்று எப்படித் தெரியும்?

பல கருவிகளில் நீக்கப்பட்டதை மட்டும் கேட்க ஒரு பொத்தான் இருக்கும். இல்லையென்றால் சுத்தம் செய்த சாம்பிளின் போலாரிட்டியைத் திருப்பி (அலையைத் தலைகீழாக்கி) மூலத்தோடு சேர்த்து ஓட்டுங்கள், மிஞ்சுவதுதான் நீங்கள் எடுத்தது. அதில் வெறும் இரைச்சல் கேட்டால் சரி. 'தட் தட்' என்று ட்ரம் கேட்டால் ட்ரம்மைத்தான் வெளியே கொட்டியிருக்கிறீர்கள்.

இரைச்சல் நீக்கும் பிளக்இன் இல்லை. வேறு வழி?

இருக்கிறது, பல நேரம் அதுவே மேல். ட்ரம் ஒலியில் மேல் அலைவரிசைகள்தான் முதலில் சாகும், கீழ்ப்பகுதி நீண்டு நிற்கும். ஆகவே சாம்பிளரில் (சாம்பிளை ஒலிக்கச் செய்யும் கருவி) ஒரு லோ-பாஸ் ஃபில்டரை (மேல் அலைவரிசைகளை வெட்டுவது) வைத்து, அடி விழும்போது முழுக்கத் திறந்திருந்து அடுத்த 200 மில்லிசெகண்டில் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இறங்கும்படி என்வலப் கொடுங்கள். ட்ரம்மின் மேல் ஒலி அடங்குவதும் ஃபில்டர் மூடுவதும் ஒன்றாக நடப்பதால் எதையும் இழந்தது போல் தெரியாது, இரைச்சல் மட்டும் காணாமல் போகும். சிம்பலுக்கு இது ஒத்துவராது.

கேட் (ஒலி மெலிந்ததும் தானே மூடிக்கொள்ளும் கருவி) போடலாமா?

ஒற்றை அடிக்கு வேண்டாம், கையால் ஃபேட் செய்தாலே போதும். லூப்புக்கு (திரும்பத் திரும்ப ஓடும் தாளத் துண்டு) வேண்டுமானால் போடுங்கள். முழுக்க மூடாமல் 10, 12 டெசிபெல் மட்டும் இறங்கும்படி ரேஞ்சைக் கட்டுங்கள். அடி முடிந்ததும் இரைச்சல் பட்டென்று அறுந்து போனால், அதுவரை கேட்காத இரைச்சல்கூட அப்போதுதான் கேட்கத் தொடங்கும். லுக்-அஹெட் இருந்தால் 1 அல்லது 2 மில்லிசெகண்ட் வையுங்கள், அப்போது கேட் அடிக்கு முன்பே திறந்திருக்கும். ரிலீஸை (கேட் மூட எடுக்கும் நேரம்) 100 மில்லிசெகண்டில் ஆரம்பித்து லூப்பின் வேகத்துக்கு ஏற்ப மாற்றுங்கள்.

ரெக்கார்டின் கீறல் சத்தங்களை டி-கிளிக்கர் எடுக்குமா?

எடுக்கும், கூடவே ட்ரம்மின் முனையையும் எடுக்கும். திடீரென எகிறும் அலையைத்தான் அது கீறல் என்று கருதுகிறது. ஸ்டிக் தோலில் விழுவதும் அதே வடிவம்தான். எடிட்டரின் பென்சில் கருவியால் அலைவடிவத்தைக் கையால் திருத்துங்கள், வாலில் இருக்கும் கீறலுக்கு அரை நிமிடம் ஆகும். அடியின் உச்சத்திலேயே கீறல் இருந்தால் விட்டுவிடுங்கள், அது அடியோடு சேர்ந்துவிடும்.

கிக்கின் மேலேயே ஹை-ஹேட்டும் அடிக்கிறது. பிரிக்க முடியுமா?

கருவியைத் திறப்பதற்கு முன்னால் பாட்டை முழுவதும் கேளுங்கள். தொடக்கத்தில், ஒரு ஃபில்லின் (சுற்றுகளுக்கு இடையே வரும் அலங்கார வாசிப்பு) நடுவில், கடைசிச் சுற்றில் என்று எங்காவது அந்தக் கிக் தனியாக ஒருமுறை விழுந்திருக்கும். இந்தத் தேடலுக்குச் செலவிடும் பத்து நிமிடம் இரண்டு மணி நேர வேலையை மிச்சப்படுத்தியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கிடைக்கவில்லையென்றால் ஸ்டீரியோவைப் பாருங்கள். பெரும்பாலும் கிக் நடுவில் இருக்கும், ஹை-ஹேட் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஹை-ஹேட் குறைவாக உள்ள சேனலை மட்டும் எடுத்து மோனோவாக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். அப்புறம் 4, 5 கிலோஹெர்ட்ஸில் லோ-பாஸ் வைத்து, இழந்த 'டக்'கை வேறொரு கிக்கின் மேல்பகுதியிலிருந்து எடுத்து ஒட்டலாம்.

ஒலிகளைப் பிரித்துத் தரும் கருவிகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. 2019-இல் டீசர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ப்லீட்டர், ஃபேஸ்புக் ஆய்வாளர்களின் டெமக்ஸ் இரண்டும் பலருக்குப் பழக்கம். பாட்டிலிருந்து குரலையும் பேஸையும் விலக்கி ட்ரம்மைத் தனியே எடுக்க இவை நிஜமாகவே உதவுகின்றன. ஆனால் இந்த இரண்டும் ட்ரம்மை மொத்தமாக ஒரே டிராக்காகத் தருபவை. கிக் வேறு ஹை-ஹேட் வேறு என்று அவை பிரிப்பதில்லை. அதற்கென்றே செய்யப்பட்ட வேறு கருவிகள் வேண்டும். எதுவானாலும் மேல் அலைவரிசைகளில் ஒரு சலசலப்பு மிஞ்சும். அதனால் உடம்பைப் பிரித்தெடுத்ததிலிருந்தும் அடியின் முனையை மூலத்திலிருந்தும் எடுத்துச் சேர்ப்பது என் வழக்கம்.

சாம்பிள்களை ஒலிக்கும் ட்ரம் மெஷினில் செய்த பாட்டென்றால் இன்னொரு வழி உண்டு. அங்கே ஒரே சாம்பிள்தான் மறுபடி மறுபடி ஒலிக்கிறது. அதே கிக்கின் நான்கு அடிகளை எடுத்து, ஒரு சாம்பிள் புள்ளிகூடப் பிசகாமல் அடுக்கி, சராசரி எடுங்கள். கிக் அப்படியே நிற்கும். ஒவ்வொன்றிலும் வெவ்வேறாக இருக்கும் இரைச்சல் 6 டெசிபெல் இறங்கும். பதினாறு அடிகள் கிடைத்தால் 12 டெசிபெல். எந்தக் கருவியும் அடியைத் தொடாமல் இப்படிச் செய்துதராது. மனிதர் வாசித்த ட்ரம்மில் மட்டும் இதை முயல வேண்டாம், இரண்டு அடிகள் ஒருபோதும் ஒன்றாக இருக்காது.

கிக்கோடு பேஸ் கிட்டாரின் ஒரு ஸ்வரமும் வந்துவிட்டது.

அந்த ஸ்வரம் உங்கள் பாட்டின் ஸ்ருதிக்குள் வரும்படி சாம்பிளின் பிட்ச்சை மாற்றிப் பாருங்கள், சில நேரம் அது அழகாகவே அமையும். முடியாவிட்டால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, கீழ்ப்பகுதிக்கு ஒரு சைன் அலையையோ வேறொரு கிக்கையோ அடியில் வையுங்கள். இரண்டையும் சேர்த்ததும் கிக் மெலிந்து கேட்டால் ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பிப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸில் 8 மில்லிசெகண்ட் விலகினாலே இரண்டு அலைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

ஸ்நேரில் ஒரு 'ணிங்' தொடர்ந்து ரீங்கரிக்கிறது.

குறுகலான ஈக்யூவால் அந்த இடத்தைப் பிடித்து 4 முதல் 6 டெசிபெல் குறையுங்கள். தேடும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். 15 டெசிபெல் ஏற்றிக்கொண்டு அலைவரிசை முழுக்க மேய்ந்தால் எல்லா இடமும் மோசமாகத்தான் கேட்கும், கடைசியில் ஐந்தாறு பள்ளங்கள் தோண்டியிருப்பீர்கள். முதலில் ஈக்யூ இல்லாமல் கேட்டு, அந்த ரீங்காரத்தை வாயால் முணுமுணுத்துப் பாருங்கள். பிறகு ஸ்பெக்ட்ரம் காட்சியில் வாலில் எது நீண்டு நிற்கிறது என்று பாருங்கள். இரண்டும் சேரும் இடத்தை மட்டும் தொடுங்கள். லீனியர்-ஃபேஸ் ஈக்யூவைத் தவிர்த்துவிடுங்கள், அது அடிக்கு முன்னால் ஒரு மெல்லிய முன்னொலியைத் தரக்கூடும்.

அறையின் எதிரொலியை நீக்க முடியுமா?

முழுதாக முடியாது. டிரான்சியன்ட் ஷேப்பரில் (அடியின் முனையையும் வாலையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி) சஸ்டெயினை, அதாவது வாலை, குறைத்தால் பெருமளவு அடங்கும். அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம்.

எம்பி3-இலிருந்து எடுத்த சாம்பிள் தேறுமா?

128 கேபிபிஎஸ் கோப்புகளில் பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் இருக்காது, அதை ஈக்யூவால் வரவழைக்கவும் முடியாது. அடிக்கு முன்னால் 'ஷ்' என்று ஒரு கசிவு கேட்டால், அது சுருக்கியதால் வந்த முன்னொலி. முன்பக்கத்தை இறுக்கமாக வெட்டினால் அது போய்விடும். கிக்குக்குத் தேறும், சிம்பலுக்குத் தேறாது.

அழுக்கும் அழகுதானே, எல்லாவற்றையும் ஏன் துடைக்க வேண்டும்?

எல்லாவற்றையும் துடைக்கச் சொல்லவே மாட்டேன். 1987-இல் வந்த ஈ-மு நிறுவனத்தின் எஸ்பி-1200 ஒரு 12 பிட் சாம்பிளர். 26.04 கிலோஹெர்ட்ஸில்தான் பதியும், அதனால் 13 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உண்மையான ஒலி கிடையாது. மொத்தமே 10 நொடி நினைவகம். இடத்தை மிச்சப்படுத்த 33⅓ ரெக்கார்டை 45-இல் ஓட்டிப் பதிந்து, கருவிக்குள் பிட்ச்சைக் கீழே இறக்குவார்கள். அந்தக் கரகரப்பைத் தேடித்தான் இன்றும் பலர் அந்தப் பெட்டியைக் காதலிக்கிறார்கள்.

பாட்டுக்குப் பயன்படும் கரகரப்பு இருக்கட்டும், பாட்டோடு மோதுவது போகட்டும். எது எதுவென்று தெரிய சாம்பிளைத் தனியாகக் கேட்டால் போதாது, மற்ற வாத்தியங்களோடு ஓடவிட்டுக் கேட்க வேண்டும். கரகரப்பு வேண்டும் என்பவர்களும் முதலில் சுத்தம் செய்துவிட்டுப் பிறகு சேர்ப்பது நல்லது. ஹம்மும் டிக்கும் டிஸ்டார்ஷனுக்குள் போனால் பல மடங்காக வெளியே வரும்.

வெட்டிய அடிகளுக்கு நடுவே ஒலி செத்துச் செத்துப் பிழைப்பது போலிருந்தால், ஆரம்பத்தில் சேமித்த அந்த அரை நொடி இரைச்சலை லூப் செய்து மொத்தத்துக்கும் அடியில் மெதுவாக ஓடவிடுங்கள். வெட்டிய இடங்கள் மறைந்து, ஒரே அறையில் ஒரே ஆள் வாசித்தது போல் ஒட்டிக்கொள்ளும்.

நார்மலைஸ் (உச்சம் எல்லையைத் தொடும்வரை மொத்த ஒலியையும் ஏற்றுவது) செய்யலாமா?

செய்யலாம், ஆனால் அதனால் சாம்பிள் சுத்தமாவதில்லை. அடி எவ்வளவு ஏறுகிறதோ இரைச்சலும் அவ்வளவே ஏறும். ஒரே ஸ்நேரை மெதுவாக, நடுத்தரமாக, பலமாக அடித்த சாம்பிள்கள் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே நார்மலைஸ் செய்யாதீர்கள். மெல்லிய அடியும் பலத்த அடியும் ஒரே உரப்பில் வந்து நிற்கும், வாசித்தவரின் கை காணாமல் போகும்.

நன்றாகச் சுத்தம் செய்து, அடையாளம் தெரியாமல் மாற்றிவிட்டால் அனுமதி வாங்கத் தேவையில்லையா?

சுத்தம் செய்வதால் பதிவு உங்களுடையதாகிவிடாது. வெளியிடப் போகும் பாட்டென்றால் ஒலிப்பதிவின் உரிமை, பாட்டின் உரிமை இரண்டையும் பார்க்க வேண்டும். அந்த ட்ரம்மை வாசித்தவரும் ஒரு கலைஞர்தான்.

எந்த வடிவில் சேமிப்பது?

24 பிட் வேவ், மூலத்தின் சாம்பிள் ரேட்டிலேயே. கோப்பின் பெயரில் மூலம் எது, எந்த நொடியில் வெட்டியது, என்ன செய்தது என்று சேர்த்து எழுதிவிடுங்கள். இரைச்சல் துண்டையும் அதே கோப்புறையில் போடுங்கள். மூல நகலை 'பழசு' என்று ஒதுக்கி அழித்துவிடாதீர்கள். இரண்டு வருடம் கழித்து இதைவிட நல்ல கருவி கையில் இருக்கும்போது அதைத்தான் தேடுவீர்கள்.